வெளியே கொட்டும் வெப்பம்

கீழவாஞ்சூரில் கட்டடத்தைச் சூடாக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் வந்ததில்லை. தை மாதத்து விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. கிழக்கே வங்கக் கடல், வடக்கே காரைக்கால், தெற்கே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். 2009 முதல் காரைக்கால் துறைமுகம் இயங்குவது இந்த ஊரின் கடற்கரையில்தான். இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துக் கட்டட விதிகளை எழுதியவர்கள் இந்தக் கரையை வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் விதிநூலில் 'சூடாக்குதல்' என்ற பகுதி வரும்போது இங்குள்ள பொறியாளர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். காஷ்மீருக்கும் சிம்லாவுக்கும் எழுதியது, நமக்கெதற்கு என்று.

அந்தப் பக்கத்தைப் புரட்டக் கூடாது என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன். கீழவாஞ்சூரும் சுற்றுவட்டாரமும் ஒவ்வொரு நாளும் காசு கொடுத்து வெப்பம் வாங்குகின்றன. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் வெந்நீர் இல்லையென்றால் அறை போகாது. மருத்துவமனையில் வெந்நீரும் வேண்டும், கருவிகளைக் கிருமி நீக்க நீராவியும் வேண்டும். மாணவர் விடுதி, ஓட்டல் சமையல்கட்டு, சலவைக்கூடம் என்று பட்டியல் நீளும். வெப்பம் வாங்கும் இதே கட்டடங்கள், அதே நேரத்தில், அதைவிடப் பல மடங்கு வெப்பத்தைக் கூரையிலும் பின்சுவரிலும் இருந்து தெருவுக்குள் கொட்டிக்கொண்டும் இருக்கின்றன.

முதலில் கணக்கு. ஒரு வாளி என்பது 20 லிட்டர். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, குளிக்கத் தோதான சூடு 42 டிகிரி. இடையே 15 டிகிரி. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். ஆக ஒரு வாளிக்கு 1,250 கிலோஜூல் சொச்சம். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் அறைக்கு நாளொன்றுக்கு ஐந்து வாளி வைத்துக்கொள்வோம். 1.75 யூனிட் ஆயிற்று. 40 அறைகள் கொண்ட லாட்ஜுக்கு 70 யூனிட். மலைக்க வைக்கும் எண் இல்லைதான். ஆனால் அது எந்த நேரத்தில், எந்த வழியில் செலவாகிறது என்று பார்த்தால் படம் மாறிவிடும்.

அறைக்கு ஒரு ஹீட்டர், 2 கிலோவாட். காலை ஆறு மணிக்கு நாற்பது அறையிலும் சுவிட்ச் போட்டால் 80 கிலோவாட் ஒரேயடியாக ஏறுகிறது. எட்டு மணிக்கு மேல் அதில் பாதி ஹீட்டர்கள் அடுத்த நாள் காலைவரை சும்மா தொங்குகின்றன. அறைக்கு ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஹீட்டர் ஒன்று, விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி என்று கூட்டினால் இணைப்புச் சுமை அறைக்கு சுமார் 4 கிலோவாட் வரும். அதில் சரிபாதி, தினமும் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாத ஹீட்டருக்காக ஒதுக்கப்பட்டது. கம்பியின் தடிமன், மின்மாற்றியின் அளவு, ஜெனரேட்டரின் அளவு எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத் தீர்மானிக்கப்படுகின்றன.

இனி அதே லாட்ஜின் பின்சுவருக்கு வாருங்கள். துருப்பிடித்த இரும்புத் தாங்கிகளில் ஏசியின் வெளிப்பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். கடல் காற்றின் உப்பு அலுமினியத் தகடுகளை அரித்து, ஓரங்கள் வெள்ளையாகப் பொடிந்திருக்கும். பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினால் சூடான காற்று முகத்திலும் அடிக்கும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதை உறிஞ்ச கம்ப்ரஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய 1.5 கிலோவாட். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. இரண்டையும் சேர்த்து 6.8 கிலோவாட் பின்சுவரில் வெளியேறுகிறது. ஒரு மணி நேரத்தில் 6.8 யூனிட் வெப்பம். இது முழுவதையும் தண்ணீரில் ஏற்ற முடிந்தால் 390 லிட்டர் நீர் 42 டிகிரிக்குச் சூடாகிவிடும். முழுவதும் முடியாது, மூன்றில் ஒரு பங்குதான் பிடிக்க முடிகிறது என்றாலும் 130 லிட்டர். அந்த அறைக்கு அன்றைக்குத் தேவையானது 100 லிட்டர்தானே! ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் அந்த அறையின் அன்றாட வெந்நீர் தயார். விருந்தினர் இரவு முழுவதும் ஏசி போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் எழுந்து ஹீட்டர் சுவிட்சைப் போடுகிறார். இரவெல்லாம் அவர் அறையிலிருந்து வெளியேறிய வெப்பத்துக்கு ஏசி கட்டணம் கொடுத்தாகிவிட்டது. காலையில் புதிதாக வெப்பம் வாங்க மறுபடியும் கட்டணம்.

பிடிப்பது எப்படி? கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் குளிர்ப்பி வாயு பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அது வெளிப்பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு வெப்பமாற்றியை வைத்து, மறுபக்கம் தண்ணீரை ஓடவிட்டால், வாயுவின் மேல்சூடு தண்ணீருக்கு வந்துவிடும். இந்த மேல்சூடு மொத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும்; நீரை நன்றாகச் சூடாக்க ஏற்றது. மீதி வெப்பம் 45 முதல் 50 டிகிரி அளவில் வெளியேறுவதால் குளிர்ந்த நீரை முன்கூட்டி வெதுவெதுப்பாக்கப் பயன்படும். மைய ஏசி உள்ள கட்டடத்தில் இதைச் செய்வது எளிது. அறைக்கு ஒரு தனி ஏசி வைத்த லாட்ஜில் நாற்பது பெட்டிகளுக்கும் குழாய் போடுவது செலவும் தொல்லையும். அங்கே வேறொரு வழி இருக்கிறது: ஹீட் பம்ப்.

பெயர் புதிது, கருவி பழகியதுதான். ஏசியையே திருப்பிப் போட்டது ஹீட் பம்ப். ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீரில் விடுகிறது. லார்ட் கெல்வின் 1852லேயே இந்தத் தத்துவத்தை எழுதிவைத்தார். சாதாரண ஹீட்டரில் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் வரும். அதற்கு மேல் இயற்பியல் இடம் கொடாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் நீரில் சேரும்.

குளிர் நாட்டுக் கருவி என்று பலர் நினைக்கும் இந்த ஹீட் பம்ப் உண்மையில் நம் கரைக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. வெப்பத்தை எவ்வளவு தாழ்ந்த நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்த நிலைக்கு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே மின்சாரம் செலவாகும். கிணற்றில் நீர் மட்டம் மேலே இருந்தால் இறைக்கும் உழைப்பு குறைவது போலத்தான். 60 டிகிரி வெந்நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழவாஞ்சூரில் காற்று 28 டிகிரி. ஏற்ற வேண்டியது 32 டிகிரி. கெல்வின் அளவில் 60 டிகிரி என்பது 333. அதை 32ஆல் வகுத்தால் 10.4. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடிய உச்சம் அது. அமெரிக்காவின் சியாட்டிலில் மழைக்காலக் காற்று 5 டிகிரி என்றால் ஏற்ற வேண்டியது 55. உச்சம் 6 மட்டுமே. நடைமுறைக் கருவிகள் இந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எட்டினாலே, நமக்குக் கிடைப்பது அவர்களுக்குக் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அப்படிப்பட்ட சியாட்டில் நகரம் 2021 பிப்ரவரியில் தன் வணிகக் கட்டட எரிசக்தி விதியைத் திருத்தியது. புதிய வணிகக் கட்டடங்களையும் பெரிய அடுக்குமாடிகளையும் சூடாக்க எரிவாயுவையும் சாதாரண மின் ஹீட்டரையும் பெரும்பாலும் விலக்கி, ஹீட் பம்புக்கு வழிவிட்டது. ஓட்டல்களின் வெந்நீருக்கும் அந்த விதி நீண்டது. ஸ்பெயினின் பார்சிலோனா 2000ஆம் ஆண்டிலிருந்தே புதிய கட்டடங்களின் வெந்நீரில் 60 விழுக்காடு சூரிய வெப்பத்திலிருந்து வர வேண்டும் என்று கேட்டது. இஸ்ரேல் 1980லேயே புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைச் சட்டமாக்கியது. இந்த விதிகள் ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் வானத்தையும் காற்றையும் பார்த்து எழுதப்பட்டவை. காரைக்காலுக்கும் அப்படியொரு விதி வேண்டும்.

நம்மிடம் விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் உருவானது. 2007 மே மாதம் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, துறையில் எல்லோரும் சொல்லும் பெயரில் ஈ.சி.பி.சி., வெளியானது. 2017இல் திருத்திய பதிப்பு வந்தது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டு, அதன் வழியே 2024இல் கட்டடங்களின் நீடித்த நிலைத்தன்மையையும் சேர்த்துப் பேசும் புதிய தொகுப்பு வெளியானது. தொகுப்பை எழுதுவது மத்திய அரசு. அதை உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு. 2007 தொகுப்பை முன்வரிசையில் அறிவித்தவற்றில் ராஜஸ்தான், ஒடிசா, கர்நாடகம் போன்றவற்றோடு, காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியும் ஒன்று. ஆக, இந்த விதிக்குக் காரைக்கால் அந்நியம் இல்லை.

2017 பதிப்பின் வெந்நீர்ப் பகுதியைக் கவனித்து வாசித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். எந்த மண்டலத்தில் இருந்தாலும் ஓட்டல்களும் மருத்துவமனைகளும் தங்கள் வெந்நீர்த் திறனில் ஒரு பங்கைச் சூரியக் கருவியிலிருந்து பெற வேண்டும்: 20,000 சதுர மீட்டர் வரையிலான கட்டடத்துக்கு 20 விழுக்காடு, அதற்கு மேல் 40 விழுக்காடு. மீதிக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் ஏசி போன்றவற்றின் கழிவு வெப்பத்தை முடிந்தவரை மீட்க வேண்டும். அடுத்து, எரிவாயு கிடைக்கும் இடத்தில் எரிவாயு ஹீட்டர். மின் ஹீட்டர் கடைசி வழி.

நான் மேலே பின்சுவரைக் காட்டிச் சொன்னது முழுவதும் அந்த வரிசையின் முதல் இடத்தில் இருக்கிறது. எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் 'முடிந்தவரை' என்பதை யாரும் அளக்க முடியாது. வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரி சூரியத் தகட்டுக்கு 20 விழுக்காடு இருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம். 'முடிந்தவரை' மீட்டார்களா என்று எதை வைத்துப் பார்ப்பார்? எண் இருக்கும் விதி நடைமுறைக்கு வருகிறது, எண் இல்லாதது ஏட்டோடு நின்றுவிடுகிறது. காரைக்காலுக்கான திருத்தத்தில் முதலில் வேண்டியது ஓர் எண்: மைய ஏசி உள்ள ஓட்டலும் மருத்துவமனையும் வெந்நீர் வெப்பத்தில் குறைந்தது பாதியைக் கழிவு வெப்பத்திலிருந்தோ ஹீட் பம்பிலிருந்தோ பெற வேண்டும். பாதி என்பது என் கணிப்பு. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அது பேராசை இல்லை என்று விளங்கும்.

அதே வரிசையில் எரிவாயுவுக்கு முன்னால் ஹீட் பம்புக்கு இடம் தர வேண்டும். முன்பு சொன்ன 40 அறை லாட்ஜையே எடுங்கள். 70 யூனிட் வெப்பத்துக்கு ஹீட் பம்ப் கேட்பது 20 யூனிட் மின்சாரம். 60 டிகிரியில் ஏறக்குறைய 2,000 லிட்டர் பிடிக்கும், நன்றாகக் காப்பிட்ட ஒரு தொட்டி. பத்து மணி நேரம் நிதானமாக ஓடினால் போதும், சுமை 2 கிலோவாட்தான். குழாயிலும் தொட்டியிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் 3 கிலோவாட்டைத் தாண்டாது. காலையில் 80 கிலோவாட் எகிறிய இடத்தில் 3 கிலோவாட்! மின்துறைக்கும் லாபம், உரிமையாளருக்கும் லாபம். பகலில் ஓடவிட்டால் கூரையின் சூரிய மின்சாரத்திலேயே ஓடிவிடும். அது வெளிவிடும் குளிர்ந்த, ஈரம் குறைந்த காற்றைச் சமையல்கட்டுக்குள் திருப்பிவிட்டால் அடுப்படியில் நிற்பவருக்கு அது தனி வரவு.

சூரியத் தகடே போதாதா என்று கேட்பீர்கள். வெயில் உள்ள ஊர்தானே! வெந்நீர் அதிகம் கேட்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழை கரையை மூடிக்கொள்வதும் அதே மாதங்களில். வெயில் கொளுத்தும் சித்திரையில் யாரும் வெந்நீர் கேட்பதில்லை. தேவையும் வரவும் இப்படி எதிரெதிராக இருக்கும் ஊரில், சூரியத் தகடு மட்டும் வைத்த லாட்ஜ் மழைநாளில் மீண்டும் மின் ஹீட்டருக்குத்தான் போகிறது. காற்றும் ஒரு காரணம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கூரைக் கருவியைப் புயல் காற்றுக்குத் தாங்கும்படி பொருத்த வேண்டும் என்பது உள்ளூர் விதியில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உவர்ப்பும் கடினமும் கொண்டது. ஹீட்டரைக் கழற்றினால் சூடாக்கும் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு கெட்டியாக ஒட்டியிருக்கும். அந்தப் படிவு வெப்பத்தை நீருக்குள் விடாது. கம்பி உள்ளேயே கொதித்து எரிந்துபோகும். வெப்பமாற்றிக்கும் அதே கதி. மென்னீர்க் கருவி இல்லாமல், உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சு இல்லாமல் எந்த உயர்திறன் கருவியும் கீழவாஞ்சூரில் நீடிக்காது. தில்லியில் எழுதும் தொகுப்பு இந்த விவரத்துக்குள் இறங்க முடியாது. மாநிலத்துக்குத் திருத்தும் அதிகாரம் கொடுத்ததே இதற்காகத்தான்.

உடல்நலத்தையும் விட்டுவிடக் கூடாது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்கள் நுரையீரல் நோயால் அடுத்தடுத்து விழுந்தார்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அப்போதுதான் அடையாளம் காணப்பட்டது. வெதுவெதுப்பான, தேங்கிய நீர் அதற்குச் சொர்க்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று தொட்டியை 40 டிகிரியில் வைப்பது ஆபத்து. 60இல் சேமித்து, குழாய்முனையில் குளிர்நீர் கலந்து தருவதே முறை. மருத்துவமனையின் கிருமிநீக்கப் பெட்டிக்கோ 121 டிகிரிக்கு மேற்பட்ட நீராவி வேண்டும். அந்த உயரத்துக்குச் சாதாரண ஹீட் பம்ப் ஏறாது. கொதிகலன் இருந்தே தீர வேண்டும். அதற்காகக் குளியல் நீருக்கும் அதே கொதிகலனைப் பயன்படுத்துவது தவறு. எந்த வேலைக்கு எத்தனை டிகிரி என்று பிரித்துக் கேட்கும் விதிதான் நல்ல விதி.

கழிவு வெப்பத்தைப் பிடிப்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனையா என்றால், இல்லை. கீழவாஞ்சூர் இருக்கும் அதே திருமலைராயன்பட்டினம் கொம்யூனில், போலகத்தில், புதுச்சேரி பவர் கார்ப்பரேஷனின் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நரிமணம் பகுதியின் எரிவாயுவில் ஓடும் அதன் சுழலி 22.9 மெகாவாட் தரும். சுழலியிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் காற்றில் விடாமல், அதைக் கொண்டு நீராவி உண்டாக்கி, இன்னொரு சுழலியை ஓட்டி, கூடுதலாக 9.6 மெகாவாட் எடுக்கிறார்கள். மொத்தம் 32.5. இதில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு, கூடுதலாக எதையும் எரிக்காமல், கழிவு வெப்பத்திலிருந்து மட்டும் வருவது. மின்நிலையத்தில் கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்ததை லாட்ஜின் பின்சுவரில் செய்யச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

கடைசியாக, விதி யாரைத் தொட வேண்டும் என்ற கேள்வி. தொகுப்பு பொருந்துவது 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை, அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடங்களுக்கு. அறைக்கு 4 கிலோவாட் என்றால் 20 அறை லாட்ஜ் 80 கிலோவாட்டில் நின்று தப்பிவிடும். ஹீட்டர்களை எடுத்துவிட்டால் 40 அறை லாட்ஜும் 80க்கு இறங்கி, விதிக்கு வெளியே போய்விடும். நல்லது செய்தவரை விதி கைவிடுவது போன்ற நிலை அது. 2022 திருத்தம் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. புதுச்சேரி அதைப் பயன்படுத்தி 50 கிலோவாட்டுக்கு இறக்கலாம். அறைகளின் எண்ணிக்கையையோ கட்டடப் பரப்பையோ கூட அளவாகச் சேர்க்கலாம். சரிபார்க்கும் இடம் மின் இணைப்பாக இருப்பது நல்லது. பெங்களூரில் 2007இல் சூரிய வெந்நீர்க் கருவியைப் புதிய மின் இணைப்போடு கட்டிப்போட்டதால்தான் அந்த நகரத்துக் கூரைகளில் அது பரவியது. கட்டட அனுமதிக் காகிதத்தை அலமாரியில் வைத்துவிடலாம். மின்சாரம் இல்லாமல் லாட்ஜைத் திறக்க முடியாது.

விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காரைக்கால் பக்கம் லாட்ஜோ மருத்துவமனையோ கட்டப்போகிறவர் நீங்கள் என்றால், வரைபடம் போடும் பொறியாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டிகளும் வெந்நீர்த் தொட்டியும் பக்கம் பக்கமாக வருகின்றனவா? தொட்டியிலிருந்து எல்லா மாடிக்கும் காப்பிட்ட குழாய் இறங்க ஒரு தனி வழி விட்டிருக்கிறதா? கட்டும்போது அந்த வழியை விடுவதற்குச் சில செங்கல் குறையும், அவ்வளவுதான். கட்டி முடித்தபின் அதையே செய்ய நாற்பது குளியலறைச் சுவரை உடைக்க வேண்டும்.